நான் ஒளித்து வைத்த கியர்

அக்காவுக்கு வேலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்த அதே வாரத்தில்தான் அப்பாவின் வேன் இன்ஜின் செத்துப்போனது. வீட்டில் எல்லோருக்கும் முதல் செய்தி சந்தோஷமாகவும் இரண்டாவது செய்தி துக்கமாகவும் இருந்தது. எனக்கு மட்டும் தலைகீழ்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மாதனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். அம்மாவுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. காலை ஆறரை மணிக்குக் கம்பெனி பஸ் ஊர் முனையில் வந்து நின்று ஆரன் அடிக்கும். அம்மா பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடுவாள். அந்த ஆரன் சத்தத்திலிருந்து பொழுது சாயும்வரை எனக்கு அக்காதான் அம்மா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். எனக்கு ஜடை போடும்போதே வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாள். ஒரு பின்னலுக்கு ஒரு வரி. தப்பாகச் சொன்னால் பின்னல் இறுகும். ஏழாம் வாய்ப்பாடு சொல்லுகிற நாட்களில் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கண் சற்று மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும்.

அப்படிப்பட்ட அக்கா மூன்று வருஷம் வேலூரில் ஹாஸ்டலில் இருக்கப் போகிறாள் என்றார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அப்பாவின் வேன் ஒரு பழைய பெட்ரோல் வண்டி. சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கும் சின்னச் சின்ன யூனிட்டுகள் உண்டு. அங்கே தைத்ததை மூட்டை கட்டி ஆம்பூர் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்பாவின் தொழில். இன்ஜின் போனதும், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற ஓரிடத்திலிருந்து அதே வண்டியின் புது மாடல் இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். இன்ஜின் நன்றாக இருந்தது. ஆனால் பிளக்குகளுக்கு முறை வைத்துக் கரண்டைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே கருகிப்போயிருந்தது. எலக்ட்ரானிக் சாமான். வேறு எங்கும் கிடைக்கவில்லை.

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டபோது மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். ஆம்பூரில் ஒரு டேனரியில் ஃபிட்டர். தோல் ஊறும் பெரிய மர டிரம்களைச் சுழற்றும் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் துடைத்துவிட்டுத்தான் கீழே வைப்பார், எங்கள் வீட்டுத் தண்ணீர்ச் சொம்பு உட்பட.

பழைய இன்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நல்லாத்தான் மாப்ள இருக்குது. இதையே புது இன்ஜின்ல குத்திடலாம். ஆனா அடியில இருக்கிற கியர மாத்தணும்."

"கியர் அதேதான மச்சான்? பல்லுகூட எண்ணிக்க சரியா இருக்குதே" என்றார் அப்பா.

"பல்லு சரிதான். இரும்பு வேற. பழைய இன்ஜின்ல இதோட சேர்ந்து சுத்துற கேம் ஷாஃப்ட்டு வார்ப்பு இரும்பு. அதுக்கு இந்தக் கியர் ஜோடி. புது இன்ஜின்ல இருக்கிறது கெட்டி ஸ்டீலு. இதக் கொண்டுபோய் அதுங்கூட வுட்டா மாவா அரச்சிப் போட்டுடும். எங்க டிரம்முங்கள்லயும் இப்டித்தான், ஜோடி பாத்துத்தான் போடணும். கருகிப்போனதுல இருக்கிற ஸ்டீல் கியரக் கழட்டி இதுல மாட்டிடுவோம்."

பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டில் ஆணி நுழைகிற துளைக்கும் புதுக் கியரின் துளைக்கும் கொஞ்சம் பொருந்தவில்லை. சனிக்கிழமை டேனரிக்கு எடுத்துப்போய்த் துளையைச் சரிசெய்து கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, வாசலில் நியூஸ்பேப்பர் விரித்து வரிசையாகக் காயவைத்தார். அப்பா பக்கத்தில் குந்திக்கொண்டு, "இது ஒண்ணு மட்டும் மாட்டிட்டா வியாழக்கெழம பாப்பாவ வேலூர்ல எறக்கிடலாம்" என்றார்.

கொய்யாப் பிஞ்சு அளவுதான் இருக்கும் அந்தக் கியர். சாய்ந்த பற்களோடு வெயிலில் மின்னியது. அதுதான் அக்காவை என்னிடமிருந்து பிடுங்கப் போகிறது என்று அப்பா வாயாலேயே சொல்லக் கேட்டேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். எல்லோரும் உள்ளே போனார்கள். நான் போகவில்லை.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் தேடாத இடமில்லை. அப்பா வைக்கோலைக் கிளறினார். அம்மா அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். ஏன் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. பக்கத்து வீட்டுக் கோழிமேல் ஒரு சந்தேகம் எழுந்து, அளவை யோசித்துக் கைவிடப்பட்டது. நானும் எல்லோரையும்விட மும்முரமாகத் தேடினேன். மாமா மட்டும் தேடாமல், அந்த நியூஸ்பேப்பரில் கியர் இருந்த இடத்தில் பதிந்திருந்த மண்ணெண்ணெய் வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொறுப்பா வெச்சிக்க வேணாமா மச்சான்? சின்ன சாமானு" என்று அப்பா சலித்துக்கொண்டார்.

"இங்கதான் வெச்சேன்" என்றார் மாமா. பிறகு சத்தம் குறைந்து, "இங்கதான் வெச்சதா ஞாபகம்" என்றார்.

நான் எதிர்பார்த்தது வேறு. கியர் இல்லையென்றால் வேன் ஓடாது, வேன் ஓடாவிட்டால் அக்கா போகமாட்டாள். என் கணக்கு அவ்வளவுதான். ஆனால் மாமா பெருமூச்சு விட்டுவிட்டு, பழைய வார்ப்பிரும்புக் கியரையே மறுபடி தண்டில் ஏற்றி ஆணியை அடித்தார். "நாலஞ்சு நாள் தாங்கும். ஜாஸ்தி ஓட்டாதீங்க. அதுக்குள்ள மெட்ராஸ்ல சொல்லி வேற வாங்கிடுறேன்." சாவியைத் திருப்பியதும் வேன் பெரிய சத்தத்தோடு ஸ்டார்ட் ஆனது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அக்கா என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

ஓட்டாதீர்கள் என்று சொன்னால் கேட்கிற நிலையில் அப்பா இல்லை. யூனிட்டுகளில் மூட்டைகள் தேங்கிக் கிடந்தன. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஓட்டினார்.

வியாழக்கிழமை அம்மா லீவு போட்டாள். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம். அப்பா, அம்மா, அக்கா, நான். கூடவே மாமாவும் தன் ஸ்பேனர் பையோடு ஏறிக்கொண்டார். அந்தக் கியர்மேல் அவருக்கு நம்பிக்கையில்லை. வண்டிக்குள் அக்காவின் டிரங்குப் பெட்டி, மெத்தை, வாளி. அவள் மடியில் சர்ட்டிபிகேட் ஃபைல். மூன்று மணிக்குள் ஒரிஜினல்களோடு ஆபீசில் நிற்கவேண்டும், தவறினால் இடம் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. என் பாவாடைப் பையில் கியர் இருந்தது. வீட்டில் வைத்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஷூ லைனிங் தோல் துண்டு ஒன்றில் சுற்றி, என் சிவப்பு ரிப்பனால் கட்டி எடுத்து வந்திருந்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் அது தொடையில் இடித்தது.

பள்ளிகொண்டா தாண்டியதும் வேனின் இழுவை குறைந்தது. மாமா தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். சைலன்சரில் இரண்டு தடவை வெடித்தது. விரிஞ்சிபுரம் திரும்புகிற இடத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில், பெரிய ரோட்டில், வேன் விக்கி விக்கி ஓரமாக நின்றுவிட்டது.

என் ஆசை நிறைவேறியிருந்தது. முதல் ஐந்து நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாமா சீட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டரை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடியிலிருந்த கியரின் பற்கள் சாணை பிடித்த கத்திபோல் தேய்ந்திருந்தன. இரண்டு மூன்று பற்கள் இல்லவே இல்லை. ஆயிலைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஜிகினா ஒட்டியதுபோல் இரும்புத் தூள் மின்னியது.

"இன்னா மச்சான்?" என்றார் அப்பா.

"முடிஞ்சிபோச்சி."

"முடிஞ்சிபோச்சின்னா? புள்ள மூணு மணிக்கு அங்க நிக்கணும். மணி பன்னெண்டரை ஆவுது!"

அப்பா ரோட்டின் நடுப்பக்கம் போய்க் கைகாட்ட ஆரம்பித்தார். அந்த இடத்தில் எந்த பஸ்ஸும் நிற்காது. எல்லாம் பெங்களூரிலிருந்து வருகிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. ஒரு டிரைவர் பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனார். ஒரு லாரி நிற்பதுபோல் வேகம் குறைத்து, பெட்டியையும் மெத்தையையும் பார்த்துவிட்டு நகர்ந்தது. அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விரிஞ்சிபுரத்துச் சாமியைக் கூப்பிட்டாள். "ஒரு வருசம் போனா போவுது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று அப்பா திரும்பி வந்து சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும். கம்பெனியில் தையல் லைனில் பெண் பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று அம்மா ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தாள்.

அக்கா அழவில்லை. இறக்கி வைத்த டிரங்குப் பெட்டிமேல் ஃபைலைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வெயிலில் அவள் முகம் வெளுத்திருந்தது. அவள் இனி எங்கும் போகமாட்டாள் என்று நான் அருகில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் ஃபைலைக் கீழே வைத்துவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

"பசிக்குதாடி? காலைலயே சரியா துன்னல நீ."

புளிச்சோற்றை உருட்டி என் வாயில் ஊட்டினாள். பருக்கைகள் என் சட்டையில் சிந்தின. அவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். அடுத்த உருண்டையை நான் தள்ளிவிட்டேன்.

நான் வேனின் மறுபக்கம் போனேன். மாமா தனியாக, தேய்ந்த கியரைக் கையில் வைத்தபடி குந்தியிருந்தார். பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினேன்.

"மாமா, இது பின் சீட்டுக்கு அடியில கெடந்துச்சி."

பின் சீட்டுக்கு அடியில் தானாகக் கிடக்கிற கியர் தோலில் சுற்றிக்கொண்டு ரிப்பனும் கட்டிக்கொண்டிருக்குமா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மாமா பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு, ஒரே ரிப்பனோடு நின்ற என் இரட்டை ஜடையைப் பார்த்தார். மெதுவாக முடிச்சை அவிழ்த்து, ரிப்பனை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்து நின்று கத்தினார்.

"மாப்ள! கெடச்சிடுச்சி! நான்தான் பின் சீட்டுக்கு அடியில வெச்சிட்டு மறந்துட்டேன்!"

அப்பா ஓடிவந்தார். கியரைப் பார்த்ததும் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முந்தியது. மூன்று நாள் பயமும் அன்றைய வெயிலும் சேர்ந்து வெளியே வந்தன. "நீயெல்லாம் ஒரு ஃபிட்டரா? ஊட்டயே தலகீழாப் பொரட்டிப் போட்டோமே. எம் புள்ள வாழ்க்கையோட வெளையாடுறியா?" அதுவரை மாமாவை ஒருமையில் பேசியதேயில்லை அப்பா. அம்மாவே திடுக்கிட்டுப்போனாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் மாப்ள. மொதல்ல வேலையப் பாப்போம்" என்றார். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

ரோட்டோரக் கல்லின்மேல் தண்டை வைத்து, மாமா ஆணியைத் தட்டி எடுத்தார். தேய்ந்த கியர் கழன்று விழுந்தது. ஸ்டீல் கியரை ஏற்றி ஆணி அடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அதை இன்ஜினில் மறுபடி சரியான நேரத்துக்கு வைத்து இறக்கவேண்டும். முதல் பிளக்கைக் கழற்றிவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"வாம்மா. இந்த ஓட்டைமேல கட்டைவெரல வெச்சி அழுத்திக்க. உங்கப்பா இன்ஜினச் சுத்துவாரு. காத்து தள்ளும்போது சொல்லு."

அக்கா புதுச் சுடிதாரின் கையை மடித்துக்கொண்டு விரலை வைத்தாள். அப்பா அடியில் படுத்து ஸ்பேனரால் திருப்பினார்.

"தள்ளுதா?"

"இல்ல மாமா... இப்போ கொஞ்சம். இப்போ ஜாஸ்தியாத் தள்ளுது!"

"நிறுத்துங்க மாப்ள!"

மாமா டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினார். ஸ்டார்ட் செய்ததும் வண்டி இருமியது, ஓடவில்லை. பல் சாய்வாக இருப்பதால் இறங்கும்போதே தண்டு கொஞ்சம் திரும்பிவிடுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு, வெளியே எடுத்து ஒரு பல் பின்னால் வைத்து மறுபடி இறக்கினார். இந்தத் தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டது. அம்மா ரோடு என்றும் பாராமல் கீழே விழுந்து கும்பிட்டாள்.

இரண்டே காலுக்கு வேலூரில் இருந்தோம். அக்கா கருத்த கட்டைவிரலோடுதான் ஆபீசுக்குள் போனாள். அட்மிஷன் பாரத்தின் ஓரத்தில் அந்த ரேகை பதிந்துவிட்டது. மேசையில் இருந்த ஆபீஸ் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அதைப் பார்த்துவிட்டு, ஸ்பிரிட் நனைத்த பஞ்சை எடுத்து நீட்டினார். "நர்ஸ் கையிது, இனிமே இப்படி வரக்கூடாது" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மாமா மட்டும் தனியாக அந்த மேசைக்குப் போய் ஏதோ கேட்டார். அந்த ஆபீஸ் அம்மா ஒரு பேப்பரை நீட்ட, மாமா அதில் கையெழுத்துப் போட்டார். கியரைத் தொலைத்து எங்களைத் தாமதமாக்கியதற்கு எழுதி வாங்குகிறார்கள் என்று நினைத்தேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஹாஸ்டல் வாசலில் அக்கா என் கன்னத்தைப் பிடித்து, "ஏழாம் வாய்ப்பாட மறந்துடாத" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பையே பார்த்தேன்.

திரும்பி வரும்போது பின் சீட்டில் மாமாவும் நானும்தான். மெத்தை இருந்த இடம் காலியாக இருந்தது. மாமா சட்டைப்பையிலிருந்து ரிப்பனை எடுத்து, துடைத்து, என் மடியில் வைத்தார். "தலைல கட்டிக்க. காத்துல பறந்துடும்." மறுநாள் அரை நாள் லீவு போட்டு வந்து, இரும்புத் தூள் கலந்த ஆயிலையெல்லாம் வடித்துப் புது ஆயில் ஊற்றினார். அப்பா பக்கத்தில் நின்று அவருக்கு டீ கொடுத்தார், மறுபடி மரியாதையோடு 'ங்க' போட்டுப் பேசினார். ஆனாலும் ரொம்ப நாள்வரை எங்கள் வீட்டில் ஏதாவது காணாமல்போனால், "மச்சான் வந்தாரா?" என்று அப்பா கேலி செய்வார். மாமாவும் சிரிப்பார்.

அக்கா மாதத்தில் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். இரண்டாம் சனிக்கிழமை, நான்காம் சனிக்கிழமை. டேனரிக்குச் சாமான் வாங்க வேலூர் போகிறேன், வருகிற வழியில் பாப்பாவையும் கூட்டிவந்துவிடுகிறேன் என்பார் மாமா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய் விடுவதும் அவரே. மூன்று வருஷமும் இது தவறவில்லை. அக்கா படிப்பை முடித்து வேலைக்குப் போனாள். அவள் சம்பளத்தில்தான் நான் காலேஜ் படித்தேன்.

போன வருஷம் அக்கா வீட்டுக்கு எல்லோரும் போயிருந்தோம். பேச்சுவாக்கில் நான்தான், "நல்லவேள மாமாவுக்கு அப்பப்போ வேலூர்ல வேல இருந்துச்சி" என்றேன். மாமாவின் மனைவி, என் அத்தை, சிரித்துவிட்டார்.

"வேலூர்ல இன்னா வேல? பேரிங்குல இருந்து பெல்ட்டு வரைக்கும் ஆம்பூர் கடைக்காரனே டேனரிக்குக் கொணாந்து குடுத்துடுவான். மாசத்துல ரெண்டு சனிக்கெழமதான் அவருக்கு அர நாளு. அதுல ஒரு நாளாவது எங்கள எங்கனா இட்டுனு போயிருப்பாரா? கேளு."

"பழைய கதைய வுடுடி" என்றார் மாமா. காது லேசாக மந்தமாகிவிட்டாலும் இது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

ஹாஸ்டலில் பெண்களை வெளியே அனுப்ப, வீட்டு ஆண் ஒருவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுப் பெயரைப் பதிந்திருக்க வேண்டுமாம். முதல் நாளே அதைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் மாமா. "நான்கூட எதுக்கு மாமா உங்களுக்குச் சிரமம்னு கேட்டேன்" என்றாள் அக்கா. "சின்னது உன்ன வுட்டு இருக்காதும்மான்னாரு. அவ்ளோதான் சொன்னாரு."

நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். மாதனூர் நிறுத்தத்தில் அந்தச் சனிக்கிழமை மத்தியானங்கள் கண்முன் வந்தன. பஸ்ஸிலிருந்து முதலில் மாமாதான் இறங்குவார், அக்காவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. நான் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொள்வேன். மாமா ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நிற்பார். போன வேலை முடிந்ததா மாமா என்று ஒரு மரியாதைக்குக்கூட நான் கேட்டதில்லை. அவர் போன வேலையே நான்தான் என்று இடித்துத் தள்ளி ஓடிய அந்தச் சிறுமிக்குத் தெரியாது.